போருக்குப் பின் ஜெர்மனியில் கொடிகட்டிப் பறந்த, ஆனால் நமக்குப் பெயர்கூடத் தெரியாத பாடகர் யாராவது உண்டா?

உண்டு. ஃப்ரெடி குவின். நான் கப்பல் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் எனக்கும் அவரைத் தெரிந்திருக்காது.

நான் தூத்துக்குடிக்காரன். மெரைன் இன்ஜினியர், இப்போது ஓய்வு. 1994 டிசம்பர் 24 அன்று பிஸ்கே வளைகுடாவில் போய்க்கொண்டிருந்தோம். கொடி சைப்ரஸ் கொடி, முதலாளி ஜெர்மன்காரர், கேப்டனும் ஜெர்மன்காரர், மற்றபடி பிலிப்பைன்ஸ்காரர்களும் போலந்துக்காரர்களும் நானும். நான் அப்போது ஃபோர்த் இன்ஜினியர், அதாவது எல்லாரிடமும் திட்டு வாங்குகிற பதவி. கேப்டன் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்று சாயங்காலம் மட்டும் ஆபீசர்களைத் தன் கேபினுக்குக் கூப்பிட்டார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வட ஜெர்மன் வானொலியில் 1953லிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவும் ஒரு நிகழ்ச்சி வரும். கடலில் இருக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்து வாழ்த்துச் சொல்வார்கள். 'இன்ன கப்பலில் இருக்கிற அப்பாவுக்கு' என்று குழந்தைகள் பேசும். எனக்கு ஜெர்மன் அப்போது சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் அது என்ன நிகழ்ச்சி என்று இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

அது முடிந்ததும் கேப்டன் ஒரு கேசட்டைப் போட்டார். கனத்த, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரியான ஆண் குரல். பின்னால் அக்கார்டியன். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டேன். "பையா, சீக்கிரம் திரும்பி வா, வீட்டுக்கு வா. இது அம்மா மகனுக்குச் சொல்வது" என்றார். கொஞ்சம் கழித்து, "பாடுகிறவன் கப்பல்காரன் இல்லை, தெரியுமா? சர்க்கஸ்காரன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் பல வருஷம் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போக வர இருந்ததில் ஜெர்மன் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இந்த ஆளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் ஜெர்மன்காரரே இல்லை, ஆஸ்திரியர். பிறந்தது 1931 செப்டம்பர் 27. இயற்பெயர் ஃப்ரான்ஸ் ஓய்கன் ஹெல்முட் மான்ஃப்ரெட் நிட்ல். பிறந்த ஊர் எது என்பதிலேயே குழப்பம். சில இடத்தில் வியன்னா என்று இருக்கும், சில இடத்தில் நீடர்ஃப்ளாட்னிட்ஸ் என்ற கிராமம். அதற்குப் பிந்தைய கதை இன்னும் சுவாரசியம். பல பத்தாண்டுகளாகப் பத்திரிகைகளில் அச்சாகி வந்த கதை இது: அப்பா அயர்லாந்து வம்சத்து வியாபாரி, பையன் சின்ன வயதில் அமெரிக்காவில் இருந்தான். போர் முடிகிற நேரத்தில், இன்றைய செக் நாட்டில் இருக்கிற பொஹீமியாவில், அகதிக் கூட்டத்தோடு போகும்போது அமெரிக்கப் படை எதிர்ப்பட்டது. பதின்மூன்று வயதுப் பையன் நல்ல ஆங்கிலம் பேசி, நான் அமெரிக்கன் என்று நம்பவைத்து ராணுவக் கப்பலில் நியூயார்க் போய்விட்டான். குடியேற வருகிறவர்களைச் சோதிக்கிற எல்லிஸ் தீவில் இறங்கினால், உன் அப்பா 1943லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆன்ட்வெர்ப்பில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஒரு வருஷம் கிடந்துவிட்டுத்தான் வியன்னாவில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தான்.

இதை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்து இசைத்தட்டு நிறுவனங்கள் ஒரு பாடகரை விற்கும்போது ஒரு வாழ்க்கையையும் சேர்த்தே தைத்துக் கொடுப்பார்கள். எனக்குப் பட்டது ஒன்றுதான். கதையை யார் கட்டியிருந்தாலும், எதை விற்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வீட்டைத் தேடிக் கடல் தாண்டிப் போன பையன், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவன். 1950களின் ஜெர்மனியில் இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடைக்கமாட்டான்.

சரி, பாட்டுக்கு வருவோம். சர்க்கஸ், சின்னச் சின்ன மேடைகள், ஊர் ஊராக கிட்டாரோடு அலைச்சல் என்று சுற்றிவிட்டு 1950களின் முதல் பாதியில் ஹாம்பர்க்கில் ஒதுங்கினார். சாங்க்ட் பவ்லி என்பது அங்கே துறைமுகத்தை ஒட்டிய பகுதி. கப்பல்காரர்கள் கையில் காசோடு இறங்குகிற இடம், மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள். அங்கே வாஷிங்டன் பார் என்ற மதுக்கடையில் பாடிக்கொண்டிருந்தவரைக் கண்டெடுத்து பாலிடார் நிறுவனத்தில் சேர்த்தார்கள். இசைத்தட்டில் முழுப்பெயர்கூட இருக்காது, வெறும் 'ஃப்ரெடி'.

1956 மே மாதம் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் முதல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடந்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. ஜெர்மனி அனுப்பிய இருவரில் ஒருவர் வால்டர் ஆண்ட்ரியாஸ் ஷ்வார்ட்ஸ், இன்னொருவர் இவர். இவர் பாடியது ராக் அண்ட் ரோல் வாடை அடிக்கிற ஒரு துள்ளல் பாட்டு. காதலி ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு ஆளோடு சுற்றுகிறாள் என்று ஒருவன் புலம்புவது. சுவிட்சர்லாந்தின் லீஸ் ஆசியா ஜெயித்தார். மற்றவர்களுக்கு என்ன இடம் என்று அறிவிக்கவே இல்லை. அந்தத் துள்ளல் பாட்டோடேயே நின்றிருந்தால், எல்விஸைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்ட ஐரோப்பியப் பையன்கள் கூட்டத்தில் ஒருவராகி மறைந்திருப்பார்.

அவரை நிலைநிறுத்தியது அதே வருஷம் வந்த 'ஹைம்வே' என்ற பாட்டு. இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஊர் ஏக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 'வே' என்றால் வலி. ஊர் நினைப்பு வலிக்கிறது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மெட்டு சொந்த மெட்டு அல்ல. டீன் மார்ட்டின் பாடி அமெரிக்காவில் பெரிதாக ஓடிய ஒரு பாட்டின் மெட்டு. ஆங்கிலப் பாட்டு கிட்டத்தட்ட ஒரு சமையல் குறிப்பு. ஒரு முத்தம் எடுத்துக்கொள், கொஞ்சம் இன்பம் சேர், கல்யாணம், ஒரு வீடு, குழந்தைகள், கலக்கினால் இனிய நினைவுகள் தயார். டீன் மார்ட்டின் சோபாவில் சாய்ந்துகொண்டு பாடுகிற மாதிரிப் பாடியிருப்பார். ஜெர்மன் வரிகளை எழுதியவர்கள் மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். முதல் வரியிலேயே கொதிக்கிற பாலைவன மணல். ஊர் ரொம்ப தூரம். வீட்டிலிருந்து யாரும் இல்லை, வாழ்த்து இல்லை. அங்கே பூக்கள் பூக்கும், பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும், அதுதான் என் வீடாக இருந்தது. ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள்: எவ்வளவு அழகு, அழகு அந்தக் காலம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1956ல் ஒரு ஜெர்மானியன் "அந்தக் காலம் அழகு" என்று சொன்னால் எந்தக் காலம்? பின்னால் பதினோரு வருஷம் தள்ளினால் இடிபாடு. இன்னும் ஆறு வருஷம் தள்ளினால் போர். அதற்கு முன்னால் ஹிட்லர். வாய்விட்டு 'அந்தக் காலம்' என்று சொல்ல முடியாத தலைமுறை அது. ஆனால் ஏக்கம் என்னவோ இருந்தது, அதுவும் கோடிக்கணக்கானவர்களுக்கு. கிழக்குப் பிரஷ்யா, சிலேசியா, சுடேட்டன் என்று பல பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டும் தப்பி ஓடியும் வந்த ஜெர்மானியர்கள் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர். சோவியத் முகாம்களில் இருந்த கடைசி போர்க்கைதிகள் சுமார் 10,000 பேர், மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடெனாயர் மாஸ்கோ போய்ப் பேசியபிறகு, 1955-56ல்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். பிழைக்க வழியில்லாமல், வெளிநாட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்கிற பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் கிடந்த ஜெர்மன் பையன்கள் ஆயிரக்கணக்கில். பாலைவன மணல் என்றதும் ஜெர்மன் காதுக்கு முதலில் ஞாபகம் வருவது இவர்கள்தான். 1958ல் 'அந்நியப் படைவீரன்' என்றே ஒரு பாட்டு பாடினார்.

பாட்டின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பெயர் இல்லை, வருஷம் இல்லை, காரணம் இல்லை. யார் துரத்தினார்கள், அதற்கு முன்னால் நாம் யாரைத் துரத்தினோம் என்ற பேச்சே இல்லை. பாலைவனத்தில் ஒருவன் அழுகிறான், அவ்வளவுதான். கேட்கிறவன் தன் ஊரை அதில் வைத்துக்கொள்ளலாம், தன் குற்றத்தை வெளியே வைத்துவிடலாம். இதைக் குறையாகவும் சொல்லலாம். ஜெர்மன் விமர்சகர்கள் சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு மனது. எங்கள் கேப்டன் கிழக்குப் பிரஷ்யாவின் பில்லாவ் துறைமுகத்திலிருந்து 1945 குளிர்காலத்தில் அம்மாவோடு கப்பலேறித் தப்பிய பையன், அப்போது அவருக்குப் பத்து வயது. பில்லாவ் இப்போது ரஷ்யாவில் இருக்கிறது, பெயரே வேறு. பத்து வயதுப் பையனிடம் உன் நாடு என்ன செய்தது தெரியுமா என்று கேட்டு அவன் அழுகையை நிறுத்த முடியுமா? அந்தக் கேசட்டில் 'ஹைம்வே'யும் இருந்தது. அது ஓடும்போது அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

தட்டு அடித்த அடி சாதாரண அடி அல்ல. அப்போது ஜெர்மனியில் தரவரிசை என்பதே பெரும்பாலும் மதுக்கடைகளில் இருந்த ஜூக்பாக்ஸ் கணக்கைப் பார்த்துப் போட்டதுதான். காசைப் போட்டுத் திரும்பத் திரும்ப இதையே கேட்டிருக்கிறார்கள். வாரக்கணக்கில் முதலிடத்திலிருந்து இறங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் நாடு அப்போது வறுமையில் இல்லை. பொருளாதார அதிசயம் என்று அவர்கள் சொல்கிற காலம் அது. புது பிரிஜ், புது ஃபோக்ஸ்வாகன், இத்தாலிக்கு விடுமுறை. வயிறு நிறைந்தபிறகுதான் அழுவதற்கு நேரம் கிடைத்திருக்கிறது போல.

அதற்குப் பிறகு நிறுவனத்துக்கு வழி தெரிந்துவிட்டது. பாலைவனத்தை எடுத்துவிட்டுக் கடலை வைத்தார்கள். லோட்டார் ஓலியாஸ் என்ற இசையமைப்பாளர் இவருக்கென்றே மெட்டுப் போட்டார். 1959ல் 'கிட்டாரும் கடலும்'. அதே பெயரில் படம், அவரே நாயகன். அப்புறம் 'அந்நிய நட்சத்திரங்களின் கீழே', 1961ல் 'லா பலோமா'. இந்த லா பலோமா ஸ்பானியப் பாட்டு, ஆனால் ஹாம்பர்க்காரர்களுக்கு அது ஊர்க் கீதம் மாதிரி. 1944 படம் ஒன்றில் நடிகர் ஹான்ஸ் ஆல்பர்ஸ் பாடியதிலிருந்து அப்படி. ஆல்பர்ஸாவது அசல் ஹாம்பர்க்காரர். ஆனால் அவரும் கடலோடி இல்லை, கசாப்புக்கடைக்காரர் மகன். ஜெர்மன் மாலுமிப் பாட்டு மரபில் மாலுமிகள் ரொம்பக் குறைவு!

'கிட்டாரும் கடலும்' பாட்டுக்கு வாத்தியக் குழு நடத்தியவர் பெர்ட் கேம்ப்ஃபெர்ட். இவர்தான் 1961ல் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்த நான்கு லிவர்பூல் பையன்களை பாலிடாருக்காகப் பதிவு செய்தவர். ஆமாம், பீட்டில்ஸ். அவர்கள் 1960லிருந்து அதே சாங்க்ட் பவ்லி சந்துகளில் ராத்திரி ராத்திரியாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நிறுவனம், ஒரே தெரு. ஒரு பக்கம் ஊருக்குத் திரும்ப ஏங்குகிற குரல், இன்னொரு பக்கம் ஊரைவிட்டுக் கிளம்பி வந்த சந்தோஷத்தில் கத்துகிற குரல். அப்போது காசு இருந்தது முதல் பக்கம்.

1962ல் ஹாம்பர்க்கில் 'சாங்க்ட் பவ்லிக்காக ஏங்குகிறேன்' என்ற இசை நாடகம். அடுத்த வருஷம் அது படமானது. அதில் ஹாலிவுட்டின் ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் வந்து நடித்துவிட்டுப் போனார். படத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் கேப்டன் போட்ட 'பையா, சீக்கிரம் திரும்பி வா' இந்த நாடகத்துப் பாட்டுதான். அம்மா மகனுக்குச் சொல்கிறாள்: திரும்பி வா, இனிமேல் கிளம்பாதே, உன்னை நினைத்துக் கவலையாக இருக்கிறது. வார்த்தையில் ஒன்றுமே இல்லை. நம் வீட்டில் போனில் கேட்பதுதான். என் அம்மா மாதத்துக்கு ஒரு தடவை ட்ரங்க் கால் பூத்தில் காத்திருந்து, லைன் கிடைத்ததும் முதலில் கேட்பது "சாப்பிட்டியா", இரண்டாவது "எப்ப வாறே". மூன்றாவது கேள்விக்குள் லைன் போய்விடும். இந்தப் பாட்டைக் கவிதை இல்லை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒன்பது மாதக் கான்ட்ராக்டில் இருக்கிற எவனும் கடலைப் பற்றிப் பாட மாட்டான். கடல் என்பது வேலை நடக்கிற இடம், அதுவும் இன்ஜின் ரூமில் இருப்பவனுக்குக் கண்ணிலேயே படாது. சைன் ஆஃப் தேதியை, அதாவது கப்பலைவிட்டு இறங்குகிற நாளைத்தான் எண்ணுவான். குவின் பாட்டுகளைக் கவனித்துக் கேட்டால் அவையும் அப்படித்தான். கடல் என்று தலைப்பில் இருக்கும், உள்ளே போனால் கடலே இருக்காது, வீடுதான் இருக்கும். கப்பல் ஏறாத மனுஷன் கப்பல்காரன் மனதை இவ்வளவு சரியாகப் பிடித்திருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இனி எனக்குப் பிடிக்காத பகுதி. 1966ல் அமெரிக்காவில் 'பசுந்தொப்பி' என்கிற அவர்களுடைய ராணுவச் சிறப்புப் படையைப் புகழ்ந்து ஒரு பாட்டு ஓகோவென்று ஓடியது. அதன் ஜெர்மன் வடிவத்தை இவர் பாடினார்: 'நூறு பேர், ஓர் ஆணை'. அமெரிக்கப் பாட்டில் இருந்த வீரம் இதில் இல்லை. எங்கோ அந்நிய நாட்டில் கல்லிலும் மணலிலும் நடக்கிற சிப்பாய், இன்று நான் நாளை நீ என்று சாவை எண்ணிக்கொண்டு போகிறான். அதுவரை சரி. அதே வருஷம் 'நாங்கள்' என்று ஒரு பாட்டு. அப்போது நீளமுடி வளர்த்துக்கொண்டு பூங்காக்களில் உட்கார்ந்திருந்த பையன்களை 'காம்லர்' என்று வைவார்கள், சும்மா திரிகிற கூட்டம் என்று பொருள். பிரதமர் எர்ஹார்டே அவர்களுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டில் குவின் வரிசையாகக் கேள்வி கேட்பார், பதில் ஒவ்வொரு முறையும் "நாங்கள்!" என்று வரும். அந்தக் கூட்டத்தோடு எங்களைச் சேர்க்காதே என்று சொல்வது யார்? நாங்கள். உங்கள் சோம்பேறித்தனத்தைப் புரிந்துகொள்ள முடியாதது யார்? நாங்கள். கேட்கும்போது பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் பிரம்போடு நிற்கிற மாதிரி இருக்கும்.

பத்து வருஷம் முன்னால் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வாசல் இல்லாமல் அலைந்த பையன் இவர். அதைச் சொல்லித்தான் இவரை விற்றார்கள். அந்த ஆளை வைத்தே அலைகிற பையன்களைத் திட்டவைத்திருக்கிறார்கள். மாணவர்கள் 1968ல் அப்பா அம்மாவைப் பார்த்து "போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று கேட்ட தலைமுறை. அவர்களுக்கு இவர் குரல் அப்பாவின் குரலாகத்தான் கேட்டது. அதற்குப் பிறகு இளம் பிள்ளைகள் யாரும் குவின் தட்டு வாங்கவில்லை. வெளியுலகில் பெயர் பரவாததற்கு ஜெர்மன் மொழி ஒரு காரணம், பெரிய வெற்றிகளில் சில கடன் மெட்டு என்பது இன்னொன்று. ஆனால் சொந்த நாட்டிலேயே பேச்சு குறைந்ததற்கு இந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அவர் ஓய்ந்துவிடவில்லை. மேடை, தொலைக்காட்சி, இசை நாடகம் என்று ஓடிக்கொண்டே இருந்தார். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான், சர்க்கஸ். புகழின் உச்சிக்குப் போனபிறகும் சர்க்கஸ் கூடாரத்தில் உயரக் கட்டிய கம்பிமேல் நிஜமாகவே நடப்பார். கடல் வேஷம், கம்பி நிஜம். கேப்டன் சர்க்கஸ்காரன் என்று சொன்னது கிண்டல் என்று நினைத்திருந்தேன், அது பாராட்டு என்று பிறகுதான் தெரிந்தது.

2004ல் வரி ஏய்ப்பு வழக்கில் ஹாம்பர்க் நீதிமன்றம் இரண்டு வருடச் சிறைத் தண்டனை கொடுத்து அதை நிறுத்திவைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு பாக்கியைக் கட்டினார். வழக்கே என்ன தெரியுமா? வசிப்பது சுவிட்சர்லாந்தில் என்று காகிதத்தில் இருந்தது, மனுஷன் உண்மையில் இருந்தது பெரும்பாலும் ஹாம்பர்க்கில். வாழ்நாள் முழுக்க வீட்டுக்கு ஏங்கிப் பாடியவரின் வீடு எது என்பதைக் கடைசியில் நீதிபதி தீர்மானிக்க வேண்டியிருந்தது.

கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு: முதலில் டீன் மார்ட்டின் பாட்டைக் கேட்டுவிட்டு உடனே 'ஹைம்வே'யைக் கேளுங்கள். ஒரே மெட்டு என்று நம்ப நேரம் ஆகும். அப்புறம் 'பையா, சீக்கிரம் திரும்பி வா'. ஜெர்மனில் 'யுங்கே, கொம் பால்ட் வீடர்' என்று தேடினால் கிடைக்கும். 'நாங்கள்' பாட்டை அதே நாளில் கேட்காதீர்கள். படங்கள் வேண்டாம்.

ஹாம்பர்க் துறைமுகத்தில் டுக்டால்பன் என்று மாலுமிகளுக்கான மிஷன் கிளப் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பேசலாம், பில்லியர்ட்ஸ் ஆடலாம், எல்லா மதத்துக்கும் சேர்த்து ஒரு பிரார்த்தனை அறை இருக்கும். நான் சொன்ன அந்தக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கான பதிவு அங்கேயும் நடக்கும். கடைசியாக நான் போனபோது ஒரு பிலிப்பைன்ஸ் பையன் கிட்டாரை எடுத்து என்னவோ வாசித்துக்கொண்டிருந்தான். கவுண்டரில் இருந்த வயதான ஜெர்மன் அம்மா குவின் பாட்டு தெரியுமா என்று அவனிடம் கேட்டார். அவன் தெரியாது என்றான். அந்த அம்மா ஒரு வரி முணுமுணுத்துக் காட்டினார். பையன் உடனே கிட்டாரில் அந்த மெட்டைப் பிடித்துவிட்டான். நானும் கூடப் பாடினேன், சுருதி சேரவில்லை.